மூன்றாம் சுற்றில் சாகும் டைனோசர்: பழங்கால விலங்குகளை ஆட்டத்தில் இறக்கும்போது வரும் கோளாறுகள்

பகடை உருட்டி ஆடும் கற்பனை உலக ஆட்டத்தில் ஒரு டைனோசரை இறக்கினால் போதும், மேசை தானே களைகட்டிவிடும் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் களைகட்டுவதில்லை. எட்டு டன் விலங்கு பத்து நிமிடத்தில் செத்து விழுகிறது. யாரோ ஒருவர் கொட்டாவி விடுகிறார். ஆட்டத்தை நடத்துபவர் அடுத்த வாரத்துக்கு இன்னும் பெரிய விலங்கைத் தேடப் போகிறார். நோய் முற்றுவது அங்கேதான்.

கோளாறு பெரும்பாலும் எண்களில் இருப்பதில்லை. எலும்புக்கூட்டை அளந்து உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும்), கவசப்புள்ளி (அதன்மேல் அடி படுவது எவ்வளவு கடினம்), கடிக்கு இத்தனை பகடை என்று அட்டையில் எழுதிவிடுகிறோம். அந்த விலங்கு எதற்காக அந்த இடத்துக்கு வந்தது என்பதை எழுதுவதில்லை. கீழே அறிகுறி வாரியாகத் தந்திருக்கிறேன். உங்கள் மேசையில் எது நடக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். இரண்டாவது அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எடுத்துக்காட்டுகள் எங்கள் மேசையிலிருந்து வருகின்றன. கேரள எல்லையில், சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆடுகிறோம். களத்தின் வரைபடமே பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்து வரைந்ததுதான்: வடக்கே ஒரு மலை, தெற்கே ஒரு மலை, நடுவே 30 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு வாசல், அதில் பனைமரங்களும் ஓயாத காற்றும். ஆடுபவர்களில் பாதிப்பேர் வீட்டில் தமிழ் பேசுபவர்கள், மீதிப்பேர் மலையாளம். பகடை சரிந்து விழுந்தால் எது கணக்கு என்ற சண்டை மட்டும் எப்போதும் தமிழில்தான் நடக்கும்.

அறிகுறி: பெரிய விலங்கு மூன்றாம் சுற்றிலேயே விழுந்துவிடுகிறது

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்த வகை ஆட்டங்களில் பெயர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பு விதிகளில் டைரனோசாரஸ் ரெக்ஸுக்கு 136 உயிர்ப்புள்ளி, 13 கவசப்புள்ளி. ஆட்டக்காரர்கள் ஆடும் நடுத்தர நிலைக் கதாபாத்திரங்கள் ஐந்து பேர் எதிரே நிற்கிறார்கள். ஒருவர் தம் முறையில் சராசரியாக 14 புள்ளி சேதம் தருகிறார், நான்கு அடிக்கு மூன்று படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஐம்பது புள்ளிக்கு மேல் போய்விடும். மூன்றாவது சுற்று முடிவதற்குள் கதை முடிந்தது. அதற்குள் அந்த விலங்குக்குக் கிடைப்பது இரண்டு மூன்று முறைதான். முறைக்கு ஒரு கடி, ஒரு வாலடி. ஐந்து பேர் பேச, அது ஒரு வாய் பேசுகிறது.

உடனே எல்லோர் கையும் போவது உயிர்ப்புள்ளியை இரட்டிப்பாக்கத்தான். தயவுசெய்து வேண்டாம். மூன்று சுற்றுச் சலிப்பு ஆறு சுற்றுச் சலிப்பாகும், அவ்வளவுதான்.

அதன் முறைகளைப் பிரித்துப் போடுங்கள். ஒவ்வோர் ஆட்டக்காரரின் முறை முடிந்ததும் விலங்கு ஒரு சிறு காரியம் செய்யட்டும்: திரும்பட்டும், ஓரடி எடுத்து வைக்கட்டும், வாலைச் சுழற்றட்டும். எட்டு டன் உடம்பு சும்மா திரும்பினாலே பக்கத்தில் நிற்பவர் கீழே விழுவார்; அதற்குக் கோபம்கூடத் தேவையில்லை. கடித்தால் கவ்விய ஆளை வாயில் வைத்திருக்கட்டும், வாய் நிறைந்திருக்கும்வரை வேறொருவரைக் கடிக்க முடியாது என்ற விதியையும் சேர்த்து. ஆட்டக்காரர்கள் தோழனை விடுவிப்பதா, வாய் அடைபட்டிருக்கும்போதே குத்துவதா என்று தங்களுக்குள் வாதாடத் தொடங்குவார்கள். அந்த வாதம்தான் சண்டை.

அதைவிட நல்ல மருந்து, விலங்கு போய்விடுவது. காயம்பட்டுக்கொண்டே சாப்பிட வேட்டை விலங்குக்கு விருப்பம் இருக்காது. முதல் சுற்றில் கோவேறு கழுதையைக் கவ்விக்கொண்டு இருட்டுக்குள் போகட்டும். டைரனோசாரஸின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கீழே என்றே பல கணக்குகள் சொல்கின்றன. காட்டானையின் ஓட்டமும் கிட்டத்தட்ட அதுதான். குதிரையில் தப்பிவிடலாம். ஆனால் அதன் மூளையில் மோப்பத்துக்கான பகுதி மிகப் பெரியது. காயத்தோடு தப்பியவர்கள் ராத்திரி எங்கே படுத்தார்கள் என்பது அதற்குத் தெரியும். கழுதை தீர்ந்த பிறகு வரும். அசையாமல் நின்றால் கண்ணுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் பகடையை உருட்டச் சொல்லுங்கள். இரு கண்ணாலும் ஒரே பொருளை நோக்கித் தூரம் கணிக்கும் நல்ல பார்வை அதற்கு இருந்தது.

அறிகுறி: எல்லா விலங்கும் ஒன்றுபோலவே சண்டை போடுகிறது

முதல் வாரம் மூன்று கொம்பு, அடுத்த வாரம் முதுகில் பலகை, அதற்கடுத்த வாரம் வாளைப் போன்ற பல். உருவம் மாறுகிறது, நடப்பது மாறவில்லை: ஓடி வருகிறது, அடிக்கிறது, சாகும்வரை நின்று போராடுகிறது. நான் பார்த்த கோளாறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

காட்டானை ஊருக்குள் வரும் பகுதியில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அரிக்கொம்பனை எடுத்துக்கொள்ளுங்கள். இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்தது, அரிசிக்காக. 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அடுத்த மாதமே கம்பம் தெருவில் நடந்துவந்தது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டது. இதில் எத்தனை ஆட்டம் இருக்கிறது பாருங்கள். அதற்கு ஒரு தேவை இருக்கிறது. அந்தத் தேவை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. எல்லைக்கோடு தெரியவில்லை, இரண்டு அரசாங்கம் தெரியவில்லை. ஊருக்குள் பாதிப்பேர் அதைத் துரத்தச் சொல்கிறார்கள், பாதிப்பேர் பாவம் என்கிறார்கள். அதன் உயிர்ப்புள்ளி எவ்வளவு என்று யாரும் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

ஆகவே எண்களை எழுதுவதற்கு முன்னால் அட்டையின் தலையில் மூன்று வரி எழுதுங்கள். எதற்காக வந்தது. எதைக் கண்டால் திரும்பும். எதை ஒருபோதும் விட்டுக்கொடுக்காது. மூன்றும் ஒரு வரிக்கு மேல் போக வேண்டாம்.

எங்கள் மேசையில் நன்றாக வேலைசெய்தது சிவதேரியம். இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் எலும்பு கிடைத்து, 1836-இல் பெயர் பெற்ற விலங்கு. ஒட்டகச்சிவிங்கியின் உறவு, ஆனால் கழுத்து குட்டை, பெருத்த உடம்பு, தலையில் அகன்ற கிளைக்கொம்பு. தாவரம் தின்னும் விலங்கு எதற்கு ஊருக்குள் வரும்? உப்புக்கு. முதல் வரி: உப்பு. இரண்டாம் வரி: பறைச்சத்தத்துக்குத் திரும்பும், ஆனால் ஒரே சத்தத்துக்கு இரண்டாம் முறை திரும்பாது. மூன்றாம் வரி: கன்று.

ராத்திரி ஒரு வீட்டின் மண்சுவர் உள்நோக்கிச் சரிகிறது. சமையற்கட்டில் உப்புப் பானை உடைந்து கிடக்கிறது. இருட்டில் கரகரவென்று ஒரு சத்தம். பாத்திரங்களில் ஒருவன் விளக்கைத் தூக்கிப் பிடித்தால் தெரிவது முழங்கை நீள நாக்கு ஒன்று. பானை ஓட்டை ஒட்டியிருக்கும் மண்ணோடு சேர்த்து நக்கிக்கொண்டிருக்கிறது. அது தலையைத் தூக்குகிறது. கொம்பு கூரையில் மாட்டிக்கொள்கிறது. இனி அது பயந்து வெளியே போனாலும் வீடு போய்விடும், உள்ளே வந்தாலும் வீடு போய்விடும். மேசையில் யாரும் வாளை உருவவில்லை. கூரையை எப்படி அறுப்பது என்றுதான் பேசினார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு உப்புக்கொம்பன் என்று பேர் வைத்துவிட்டார்கள். அடுத்தடுத்த ஆட்டங்களில் உப்பு மூட்டை வாங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் வாசலைத் திரும்பிப் பார்க்கிறார்.

கொல்லும் விலங்குகளுக்கும் இதேபோல் நடையை உடம்பிலிருந்தே எடுக்கலாம். வாள்பல் பூனை ஸ்மைலோடானின் கோரைப்பல் அதன் பெரிய இனத்தில் 28 சென்டிமீட்டர் வரை நீண்டது. நீளமான பல் பக்கவாட்டில் இழுத்தால் உடையும். அதனால்தான் அதன் முன்னங்கால்கள் அவ்வளவு தடிமன்: முதலில் கீழே தள்ளி அசையாமல் அழுத்தும், அதன்பிறகுதான் கடிக்கும். விதியாக எழுதினால் இரண்டு படி. முதல் சுற்றில் பிடி மட்டும், சேதம் ஏறக்குறைய இல்லை. இரண்டாம் சுற்றில் பிடியிலிருந்து விடுபடாதவருக்குக் கடி, அது பெரும்பாலும் கடைசிக் கடி. நடுவில் இருக்கும் அந்த ஒரு சுற்றில் மேசையே எழுந்து நிற்கும். பிடித்திருக்கும்போது பூனையைப் பக்கவாட்டில் யாராவது மோதினால் பல் உடையட்டும். பல் உடைந்த பூனை ஓடிவிடும்.

பயந்து ஓடுவதற்கு விதி வேண்டுமென்றால் பழைய பதிப்புகளில் மனவுறுதி என்று ஓர் எண் இருந்தது. இரண்டு ஆறுபக்கப் பகடை உருட்டி அந்த எண்ணைத் தாண்டினால் எதிரி ஓடிவிடும். ஏன் அதைப் பின்னாளில் ஓரங்கட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. திருப்பிக் கொண்டுவாருங்கள். முதல் காயத்தின்போது ஒருமுறை, பாதி உயிர்ப்புள்ளி போனதும் ஒருமுறை உருட்டினால் போதும்.

அறிகுறி: "அது அப்படி இல்லை" என்று ஒருவர் திருத்திக்கொண்டே இருக்கிறார்

எல்லா மேசையிலும் ஒருவர் இருப்பார். எங்கள் மேசையில் அது பத்தாம் வகுப்பு படிக்கும் பெண். மனித உயர வெலாசிராப்டர் ஒன்றைக் கொண்டுவந்தபோது, "அண்ணா, அது வான்கோழி அளவுதான் இருக்கும். இறகும் உண்டு" என்றாள். இரண்டும் சரி. மங்கோலியாவில் கிடைத்த வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த மேடுகளை 2007-இல் கண்டுபிடித்தார்கள். ஆள் உயரம் வேண்டுமென்றால் அதே குடும்பத்தில் யூட்டாராப்டர் இருக்கிறது; ஐந்து மீட்டருக்கு மேல் நீளம்.

இதற்கு இரண்டு வைத்தியம். ஒன்று, திருத்தத்தை ஏற்றுக்கொண்டு அதையே பயமாக்குவது. இறகு இருந்தால் பயம் போய்விடும் என்பது வெறும் பழக்கதோஷம். வான்கோழி அளவுள்ள ஒன்று புதரில் உட்கார்ந்திருக்கிறது, இறகின் நிறம் காய்ந்த பனையோலையின் நிறம், எத்தனை உட்கார்ந்திருக்கின்றன என்று தெரியாது: ஓர் ஆள் உயரப் பல்லியைவிட எனக்கு இதுதான் கவலை தருகிறது.

இரண்டாவது வைத்தியம், பெயரை மாற்றிவிடுவது. உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள், அறிவியல் பெயரை விட்டுவிடுங்கள். கற்பனை உலகத்து வேடன் லத்தீனில் பேச மாட்டான். உப்புக்கொம்பன் என்று சொல்லிவிட்டால் அதற்கு எத்தனை கொம்பு இருந்தது என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது. யாளி வேண்டுமா? சிவதேரியத்தின் கொம்பு, வாள்பல் பூனையின் முன்னங்கால், பழங்கால யானை உறவான ஸ்டெகோடானின் தந்தம் எல்லாவற்றையும் ஒரே உடம்பில் சேர்க்கத் தடை ஒன்றும் இல்லை. நம் கோயில் தூண்களில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. அதன் ஆரம்பகாலத்தில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் மேசையில் வைத்து ஆடியவற்றில் ஹாங்காங் மலிவு பிளாஸ்டிக் பொம்மைகள் சில இருந்தன. பழங்கால விலங்குகள் என்று சொல்லி விற்றவை. எந்தப் பழங்காலத்திலும் இல்லாதவை. ஆந்தைக்கரடியும் இரும்பைத் துருவாக்கும் பூதமும் அந்தப் பொம்மைகளிலிருந்துதான் பிறந்தன.

காலக்கணக்கைப் பற்றி யாராவது வாதம் செய்தால் விட்டுவிடுங்கள். ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுக்கு முன்பு, டைரனோசாரஸ் 6.6 கோடிக்குச் சற்று முன்பு. டைரனோசாரஸுக்கு ஸ்டெகோசாரஸைவிட நாம்தான் பக்கம். மந்திரவாதி நெருப்பு எறியும் உலகில் இரண்டும் ஒரே காட்டில் மேயலாம். டைமெட்ரோடானை டைனோசர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதுகில் பாய்மரம் வைத்த அந்தப் பிராணி பாலூட்டிகளின் வழியில் வந்தது, டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே அற்றுப்போனது. இந்த ஒரு விஷயத்தில் நானும் அந்தப் பெண்ணின் கட்சி.

அறிகுறி: பறக்கும் விலங்கு வந்தால் ஆட்டம் அநியாயமாகிறது

மேலிருந்து வருகிறது, ஒருவரைக் காலால் தூக்குகிறது, அறுபது அடி உயரத்திலிருந்து போடுகிறது. அம்பு இல்லாதவர்கள் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

நல்ல செய்தி: டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனவான உண்மையான டெரோசர்களால் இதைச் செய்யவே முடியாது. கழுகைப்போல் இறுகப் பிடிக்கும் பாதம் அவற்றுக்கு இல்லை. 1971-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் கண்டெடுத்த குவெட்சால்கோட்லஸின் இறக்கை விரிப்பு பத்து மீட்டர் அளவு, நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். அந்தக் குடும்பத்தின் கால், கழுத்து, அலகு எல்லாவற்றையும் பார்த்தவர்கள் 2008-இல் சொன்னது, இவை தரையில் நடந்து இரை தேடியவை என்பது. நான்கு காலால் நடந்து, நான்கு காலாலும் உந்தி மேலே எழும்பும்.

எனவே தரையில் விடுங்கள். அறுவடை முடிந்த வயலில் கொக்கு தவளை பொறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மெதுவாக ஓரடி, கழுத்தைச் சாய்த்து ஒரு பார்வை, பிறகு ஒரே கொத்து. அந்தக் கொக்கு ஒட்டகச்சிவிங்கி உயரம், தவளை உங்கள் பாத்திரங்கள். வரப்பின் ஓரம் படுத்துக்கொள்ளலாம், வைக்கோற்போருக்குள் ஒளியலாம், ஓடினால் கண்ணில் படும். அலகு இறங்கும் இடத்தை ஒரு பகடையில் தீர்மானியுங்கள். வாளும் ஈட்டியும் வைத்திருப்பவர்களுக்கும் இப்போது வேலை இருக்கிறது, ஏனென்றால் அதன் கால் அவர்களுக்கு எட்டும் தூரத்தில்தான் நிற்கிறது.

பறந்து தப்பிவிடும் என்றால் காற்றை உள்ளே விடுங்கள். ஆடி மாதத்தில் இந்தக் கணவாயில் சைக்கிள் மிதித்தவர்களுக்குக் காற்று என்ன செய்யும் என்று தெரியும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்ததும் சும்மா இல்லை. காற்றின் திசையை நாள்தோறும் ஒரு பகடை உருட்டிக் குறித்து வைத்தால், எழும்ப அது எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று ஆட்டக்காரர்களே கணித்துவிடுவார்கள். அந்தப் பக்கம் போய் வலை கட்டுவார்கள். கட்டட்டும்.

அறிகுறி: நீர்விலங்கு அட்டையிலேயே கிடக்கிறது, யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை

இறங்க மாட்டார்கள், புத்திசாலிகள். ஆட்களைத் தண்ணீருக்கு இழுக்காதீர்கள், தண்ணீரைக் குறையுங்கள். கோடையில் அணை வற்றி நடுவில் ஒரே மடு மிஞ்சும்போது ஊர், மாடு, மான், திருடன் எல்லோரும் அங்கேதான் வந்தாக வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாற்றுத் தண்ணீருக்கு இரண்டு மாநிலம் ஆண்டாண்டாகக் கணக்குப் பார்க்கிற இடத்தில் இருந்துகொண்டு இந்தக் கதைக்கருவை நான் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

அந்த மடுவில் விட ஒன்று: வாசுகி இண்டிகஸ். குஜராத்தின் கட்ச் பகுதியில் பானந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முதுகெலும்புகளை வைத்து 2024-இல் பெயரிட்ட பாம்பு. காலம் சுமார் 4.7 கோடி ஆண்டு, நீளம் 11 முதல் 15 மீட்டர்வரை என்று மதிப்பீடு. மெதுவாக நகர்ந்து, பதுங்கியிருந்து சுற்றி நெரிக்கும் வகை. அதற்கு நாள் ஒன்றுக்கு ஓர் இரை தேவையில்லை, மாதம் ஒன்று போதும். அப்படியானால் அது எப்போது தின்றது என்று ஊரில் விசாரிப்பதே ஒரு மாலைக்கு உரிய ஆட்டம்.

அறிகுறி: பெரிய பூச்சி வந்தால் சிரிக்கிறார்கள்

மரவட்டை உறவான ஆர்த்ரோப்ளூரா இரண்டரை மீட்டர் நீளம் வளர்ந்தது. ஆனால் அது பெரும்பாலும் செத்தை தின்னும் பிராணி. அதைத் துரத்தவிட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். மருந்தைப் பூச்சியில் தேடாமல் காற்றில் தேடுங்கள். அது வாழ்ந்த, டைனோசர்களுக்கு முந்தைய கார்போனிஃபெரஸ் காலத்தின் பிற்பகுதியில் காற்றில் ஆக்சிஜன் முப்பது சதவீதத்தைத் தாண்டியிருந்தது என்று பல கணிப்புகள் உண்டு, இன்று 21. அந்தக் காடு இருக்கும் பள்ளத்தாக்கில் தீப்பந்தம் இரண்டு மடங்கு வேகமாக எரியும், ஈர மரமும் பற்றிக்கொள்ளும், நெருப்பு மந்திரம் எறிந்தவரையும் சேர்த்துச் சுடும் என்று விதி எழுதுங்கள். மரவட்டை தன் பாட்டுக்குப் போகட்டும். மந்திரவாதி வாயைத் திறக்கும்போதெல்லாம் மற்ற நால்வரும் அலறுவார்கள்.

அறிகுறி: பிடித்துப் பழக்கி ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள்

ட்ரைசெராடாப்ஸைக் கண்டதும் யாரோ ஒருவர் "விலங்கைப் பழக்கும் திறன் எனக்கு இருக்கிறது" என்பார், இருபது பக்கப் பகடையில் பதினெட்டு விழும், அவ்வளவுதான், மீதிக் கதை முழுக்க அவர் சவாரி போகிறார்.

தடுக்க வேண்டாம். செலவைக் காட்டுங்கள். 2023 ஜனவரியில் பாலக்காட்டுத் தோணிப் பகுதியில் பி.டி. 7 என்ற காட்டானையைப் பிடித்தபோது மயக்க ஊசி, கும்கிகள், முன்கூட்டியே தடிமரத்தில் கட்டிவைத்த கூண்டு, பிறகு மாதக்கணக்கில் பழக்கும் வேலை என்று எல்லாம் தேவைப்பட்டன. உங்கள் உலகத்திலும் அதே வரிசை: முதலில் கூண்டு, கூண்டுக்கு மரம், மரத்துக்கு அனுமதி, ஏற்கெனவே பழகிய இன்னொரு விலங்கு. பகடையில் பதினெட்டு விழுந்தது கூண்டுக்குள் முதல் நாள் அது தண்ணீர் குடித்தது என்பதற்கு மட்டும்.

பிறகு தீனி. யானைக்கே நாளொன்றுக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். அதைவிடப் பெரிய உடம்புக்கு ஓலை வெட்ட ஆள் வைத்தே குழுவின் பொற்காசு கரையும். பிறகு மதம். கேரளத்தில் ஆண் யானைக்கு மதம் பிடிக்கும் காலத்தில் எழுந்தருளல் கிடையாது, வேலை கிடையாது, கட்டித்தறியில்தான் நிற்கும். பாகனைக்கூட நெருங்க விடாது. உங்கள் கொம்பனுக்கும் ஆண்டில் ஒரு பருவம் வையுங்கள். எந்த மாதம் என்பதை முன்கூட்டியே ஆட்டக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் வைத்தால் அது தண்டனை. சொல்லி வைத்தால் அவர் பயணத்தையே அந்த மாதத்தைச் சுற்றித் திட்டமிடுவார், திட்டம் எப்படியும் பிசகும்.

அறிகுறி: பல்லையும் தோலையும் விற்றுப் பணக்காரர்களாகிவிட்டார்கள்

எட்டு டன் பிணத்தை எப்படித் தூக்கிப் போனார்கள் என்று கேளுங்கள். வெயிலில் இரண்டாம் நாள் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். மோப்பம் பிடித்து வரும் மற்றவை தனி. அதையும் தாண்டி விற்கக் கிளம்பினால் கணவாய்க்கு ஒரே வாசல்தான், வாசலில் ஒரு சோதனைச்சாவடி. வாளையார் வழியாகப் போய்வருகிற எங்கள் ஆட்டக்காரர்கள் அந்தச் சாவடியைக் கண்டதும் மூட்டையை எந்த வண்டியில் எதற்கு அடியில் வைப்பது என்று காட்டிய திறமையை வேறு எந்தச் சண்டையிலும் காட்டியதில்லை.

அறிகுறி: முட்டை கிடைத்துவிட்டது, பொரிக்க வைக்கிறோம் என்கிறார்கள்

கூட்டை வெறும் பரிசுப்பெட்டியாக வைத்தால் இப்படித்தான் ஆகும். நர்மதைப் பள்ளத்தாக்கில், மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில், நீண்ட கழுத்துள்ள ராட்சத டைனோசர்களான டைட்டனோசர்களின் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டதாக 2023-இல் ஆய்வு வந்தது. அவ்வளவு நெருக்கமாகக் கூடு இருந்தால், ராட்சத உடம்புத் தாய் நடுவில் நடந்து காவல் காத்திருக்க வாய்ப்பு குறைவு. அப்படியானால் கூட்டைக் காவல் காப்பது யார்?

பதில் குஜராத்தில் இருக்கிறது. தோளி துங்கரியில் கிடைத்த ஒரு கூட்டில், உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டபடியே கல்லாகிப்போன பாம்பு ஒன்று இருந்தது; பக்கத்தில் அரை மீட்டர் நீளக் குஞ்சின் எலும்பு. சனாஜே என்று 2010-இல் பெயர் வைத்தார்கள். பாம்பு மூன்றரை மீட்டர். வாயை மிக அகலமாகத் திறக்க அதனால் முடியாது, அதனால் முட்டையை விட்டுவிட்டுக் குஞ்சு வெளிவரக் காத்திருந்திருக்கும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டில் ஆறு முட்டை வையுங்கள், மேலே மணல் மூடியிருக்கட்டும். முட்டையை எடுப்பவருக்கு ஒன்றும் ஆகாது. பாம்பு அசையாது, அதற்கு முட்டையில் ஆர்வமில்லை. அன்றிலிருந்து ராத்திரிதோறும் மூட்டையில் இருக்கும் முட்டை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆறுபக்கப் பகடை உருட்டுங்கள். ஒன்று விழுந்தால் அந்த முட்டை விரிசல் விட்டுவிட்டது. விரிசல் விட்ட இரவில் கூடாரத்தில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், யார் காவல், மூட்டை யாருடைய தலைமாட்டில் என்பதை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பு எத்தனை நாளாகப் பின்தொடர்கிறது என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.